நாலு செல் குறைந்த பனல்

வெயில் வேறு, வெக்கை வேறு. மட்டக்களப்பில் பிறந்த எவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வானம் மூடிக்கிடந்தாலும் உடம்பு அவியும். அது வெக்கை. மார்கழி மழை விட்ட காலையில் குளிரோடு குளிராகக் கண்ணைக் கூசவைத்துக்கொண்டு ஒன்று அடிக்கும். அது வெயில். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே ஒரு நாள் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு மூடினேன். அதனால் நடந்ததை இதுவரை ஒருவருக்குத்தான் சொல்லியிருக்கிறேன். அவருக்கும் பிந்தித்தான் சொன்னேன்.

கடல் ஊருக்குள் வந்த வருடம் எனக்கு இருபத்திரண்டு வயது. கல்லடிக் கடற்கரையோடு இருந்த எங்கள் வீட்டில் கிணறு மட்டும் மிஞ்சியது. அம்மாவின் உடலை மூன்றாம் நாள் கண்டெடுத்தோம். அதன்பிறகு முகாமுக்கு வந்த வெளிநாட்டு வைத்தியர்களுக்கு மொழிபெயர்ப்பதே என் பிழைப்பாகிப் போனது. எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாகக் காய்ச்சல், கணவர் இருக்கிறாரா என்று கேட்பார்கள். மூன்றாவது கேள்வியை நான் பாதி நேரம் விழுங்கிவிடுவேன். பதில் எனக்கே தெரியும், எதற்குக் கேட்டு அழவைப்பான்? எதைச் சொல்வது, எதை விடுவது என்று நானே தீர்மானிக்கும் கெட்ட பழக்கம் அங்கேதான் தொற்றியது.

முகாம்கள் கலைந்தபிறகு, ஓர் உதவி நிறுவனம் கல்லடியில் சோலர் பனல் செய்யும் பட்டறை ஒன்றைத் திறந்தது. கடல் பக்கச் சுவர் இடிந்துபோன பழைய களஞ்சியம் அது. சுவர் இருந்த இடத்தில் தகரம் அடித்தார்கள். வேலைக்கு எடுத்தது முழுக்கப் பெண்கள். பாதிப்பேரின் கணவர்மார் கடலோடு போனவர்கள், மீதிப்பேரின் கணவர்மார் சண்டையோடு போனவர்கள். ஊர் எங்களுக்கு ‘சோலர் பெட்டைகள்’ என்று பெயர் வைத்தது. பெட்டை என்றால் எங்கள் ஊரில் சின்னப் பெண். எங்களில் ஒருவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அவரும் பெட்டைதான்.

செல் என்பது நீலநிறச் சில்லு. பப்படத்தைவிட மெல்லியது, பப்படத்தைவிடச் சுலபமாக நொறுங்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஈயம் பூசிய செப்பு நாடாவை அதன்மேல் வைத்துச் சூட்டுக்கோலால் ஒற்ற வேண்டும். ஒரு செல்லின் முகத்தில் தொடங்கும் நாடா அடுத்த செல்லின் முதுகில் போய் ஒட்டும். அப்படி வரிசைக்கு ஒன்பதாக நாலு வரிசை, முப்பத்தாறு செல். ஒரு செல் அரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தரும். அவ்வளவுதான் அதன் பலம். கைகோத்து நின்றால்தான் எதற்கும் உதவும்.

கழுவிய கண்ணாடியை மேசையில் போட்டு, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தாள், அதன்மேல் செல்களைக் குப்புறக் கிடத்தி, மறுபடி ஒரு தாள், கடைசியாக முதுகுக்கு வெள்ளைத் தாள். இந்த அடுக்கை ஓர் இயந்திரத்துக்குள் தள்ளினால் அது காற்றை உறிஞ்சிக்கொண்டு சூடாக்கும். தாள் உருகிக் கண்ணாடி மாதிரித் தெளிந்து எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டிவிடும். நாங்கள் அதை ரொட்டிக்கல் என்போம். ஒரு காற்றுக்குமிழி உள்ளே அகப்பட்டால் அந்தப் பனலுக்கு ஆயுள் இல்லை. பிறகு அலுமினியச் சட்டம் பூட்டி, முதுகில் வயர்ப் பெட்டியை ஒட்டினால் வேலை முடிந்தது.

ஆங்கிலம் தெரிந்தவள் என்பதால் என்னைச் சோதனை மேசைக்குப் போட்டார்கள். முடிந்த பனலைச் சூரியனுக்கு நேரே சாய்த்து மீற்றரை வைப்பேன். ஒன்றும் பூட்டாமல் எத்தனை வோல்ட், இரண்டு வயரையும் மீற்றர் ஊடாக முட்டவைத்தால் எவ்வளவு கரண்ட் என்று எழுதுவேன். பிறகு அதை வாவித் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் ஊறவைப்பேன். உப்புத் தண்ணீர் உள்ளே இறங்காவிட்டால் பாஸ். ஆலங்கட்டி மழைச் சோதனையும் செய்ய வேண்டும் என்று பயிற்சிப் புத்தகத்தில் இருந்தது. மட்டக்களப்பில் எந்தக் காலத்தில் ஆலங்கட்டி விழுந்தது? நாங்கள் அதற்குப் பதிலாக ஏணியில் ஏறித் தேங்காய் போட்டோம். ஒரு பனல் தாங்கியது. இரண்டாவது பனல் கற்கண்டுபோலச் சிதறியது. அன்றோடு தேங்காய்ச் சோதனையை நிறுத்தினோம். பாஸான பனலின் முதுகில் என் கையெழுத்தோடு ஒரு சீட்டு ஒட்டுவேன். அந்தக் கையெழுத்தில் எனக்கு நிறையப் பெருமை இருந்தது.

பயிற்சி தர வந்தவர் ஒரு வெளிநாட்டு எஞ்சினியர். நெடிய மனிதர், வெக்கை தாங்காமல் நாள் முழுக்க ஈரத்துவாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் முப்பத்தாறு செல் ஏன் என்று விளக்கினார். பனலுக்கு வெளிச்சம்தான் சாப்பாடு, சூடு அதற்கு எதிரி, சூடு ஏற ஏற அதன் வோல்ட் குறையும், அந்தக் குறைவுக்காகத்தான் சில செல்கள் கூடுதலாக இருக்கின்றன என்றார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். எனக்குப் பசி. நான் சுருக்கமாகச் சொன்னேன்:

“பனலுக்கு வெயில் வேணும். ஆனா கூட வெயில் பிடிக்காதாம்.”

ஐம்பத்தெட்டு வயதுப் பெட்டை விழுந்து விழுந்து சிரித்தார்.

“என்னகா, வெயில் பிடிக்காத சோலரா? தண்ணி பிடிக்காத மீனெண்டு சொல்லு!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எஞ்சினியரும் விளங்காமலே சிரித்தார். கூடுதல் செல்லைப் பற்றி அவர் சொன்னதை நான் சொல்லவேயில்லை. சிரிப்போடு சிரிப்பாக அது போய்விட்டது, சாப்பாட்டுப் பார்சல்களும் வந்துவிட்டன.

அடுத்த வருடம் சண்டை இறுகியது. வெளிநாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். எஞ்சினியரும் போனார். பட்டறைப் பொறுப்பு ஏறாவூரில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் அண்ணனிடம் வந்தது. நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். பொறுமையான மனிதர். கெட்டுப்போன எதையும் தூக்கியெறிய அவருக்கு மனம் வராது.

வாகரையில் சனம் இடம்பெயர்ந்து திரும்பிவந்து குடியேறிய காலம் அது. மின்சாரம் இல்லாத அந்தக் கரைக்கு எங்கள் பனல்கள் போயின. பெயர்ப்பட்டியலில் இருந்தவர்கள் ஊரிலேயே காத்திருப்பார்கள், நாங்கள்தான் கொண்டுபோய்ப் பூட்டுவோம். ஒருவர் மட்டும் பஸ் மாறி மாறிக் கல்லடிக்கே வந்துவிட்டார். மெலிந்த பெண், என் அம்மாவின் வயது இருக்கும். மடியிலிருந்து ஒரு சின்னப் போனை எடுத்து என் மேசையில் வைத்தார்.

“மகள், உங்கட சோலர் இதுக்குச் சார்ஜ் ஏத்துமா?”

ஏற்றும் என்றேன்.

“ஒவ்வொரு நாளும் ஏத்துமா?”

அவருடைய கணவரைக் கடல் எடுத்தது. ஒரே மகளைப் பதினேழு வயதில் சண்டைக்கென்று கூட்டிக்கொண்டு போனார்கள். யார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அப்படித்தான். பெட்டை சண்டை நடக்கும் வன்னியில் இருப்பதாக ஒரு துண்டுக் கடிதம் வந்திருக்கிறது. கடிதம் கொண்டுவந்தவரிடமே இந்தப் போனின் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டிருக்கிறார். நம்பர் மகளின் கைக்குப் போய்ச் சேர்ந்ததாம்.

“எப்ப எனக்குக் கோல் எடுப்பாளெண்டு தெரியா. எடுக்கிற நேரம் போன் சாகாம இரிக்கணும் மகள். எனக்கு வேற ஒண்டும் வேணாம்.”

அவர் வீட்டிலிருந்து போன் சார்ஜ் பண்ணும் கடைக்குப் போய்வர அரை நாள் ஆகும். போனைக் கடையில் விட்டுவிட்டு வரவும் பயம். கடையிலேயே காத்துக்கிடப்பாராம். நான் என் நம்பரைக் கொடுத்து, அவருடைய நம்பரையும் வாங்கி என் போனில் பதிந்துகொண்டேன். அவரை அம்மா என்று கூப்பிட்டது என்னையறியாமல்தான்.

மழைக்காலம் தொடங்கும்போது செல் பெட்டிகள் வந்தன. வழிநெடுகச் சோதனைச் சாவடிகளில் பிரித்துப் பிரித்துப் பார்த்ததில் உள்ளே பாதி தவிடு. நல்ல செல்களைப் பொறுக்கி அடுக்கிப் பார்த்தோம். பட்டியலில் இருந்தவர்களுக்குக் காணாது. நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

“தங்கச்சி, வரிசைக்கு ஒண்டாக் குறைச்சா முப்பத்திரண்டு. எல்லாருக்கும் போதும். ஏன் முப்பத்தாறு எண்டு அந்த மனிசன் ஏதும் சொன்னவரா?”

நான் ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். உண்மையிலேயே ஞாபகம் வரவில்லை.

“இல்ல நானா.”

“பன்னண்டு வோல்ட் பற்றரிதானே. ஒண்டு ஒட்டிப் பாப்பம். மீற்றர் என்ன சொல்லுதெண்டு பாப்பம்.”

தை மாதத்து ஒரு காலை. இரவு முழுக்கப் பெய்த மழை விட்டு, வாவிப் பக்கமிருந்து குளிர்காற்று வந்துகொண்டிருந்தது. பனலைச் சாய்த்து மீற்றரை வைத்தேன். பதினெட்டுக்கு மேல் காட்டியது. பற்றரியைப் பூட்டினோம், கரண்ட் நன்றாகவே ஏறியது. நானா என் முதுகில் தட்டாத குறை. அந்த மாதம் பதினொரு பனல் அப்படிச் செய்தோம். பதினொன்றிலும் என் கையெழுத்து இருக்கிறது.

அதில் ஒன்றுதான் வாகரை அம்மாவுக்குப் போனது. கூரையில் பூட்டும்போது அவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். முப்பத்தாறு செல்லுக்கு வெட்டிய கண்ணாடியில் முப்பத்திரண்டு கிடந்ததால் ஒரு பக்கம் வெள்ளையாக ஒரு பட்டை தெரிந்தது.

“அது என்ன மகள், ஒரு கரை வெறுமையாக் கிடக்கு?”

“அது ஒண்டுமில்ல அம்மா. எல்லாம் சரியா வேலை செய்யும்.”

உள்ளே போய்ப் பற்றரியையும் ஒரு லைட்டையும் பூட்டி, போனைச் செருகினோம். சின்னப் பற்றரிப் படம் நிரம்பி நிரம்பி ஓடியதை அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார். எனக்கு மீன்குழம்பும் சோறும் தந்தார். வாசலில் நின்றால் சிக்னல் இரண்டு கோடு வரும் என்பதால் போனை வாசல் நிலையில் ஓர் ஆணியில் பையோடு தொங்கவிட்டிருந்தார். மாசி, பங்குனி மாதங்களில் இரண்டு மூன்று தடவை என்னை அழைத்தார். விசேஷம் ஒன்றும் இல்லை. போன் வேலை செய்கிறதா என்று பார்க்க யாரையாவது அழைக்க வேண்டும், அவருக்கு அழைக்க வேறு ஆளில்லை.

சித்திரை கழிந்து கச்சான் தொடங்கியது. வைகாசியில் வன்னியில் சண்டை முடிந்துவிட்டதாக வானொலி சொன்னது. நகரத்தில் வெடி கொளுத்தினார்கள். எங்கள் பட்டறையில் அன்று சூட்டுக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தி அழுதாள், ஈயம் சொட்டுச் சொட்டாக மேசையில் விழுந்தது. அங்கே யாருக்கு யார் இருந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

அதே கிழமைதான் முறைப்பாடுகளும் வரத் தொடங்கின. பற்றரி நிரம்பவில்லை, லைட் ஒரு மணித்தியாலத்தில் அணைகிறது. அயலிலேயே ஒரு வீட்டில் அந்தப் பதினொன்றில் ஒன்று இருந்தது. மீற்றரோடு போனேன். உச்சி வெயில், மேகம் இல்லை, பனலைத் தொட்டால் கை கொப்பளித்துப்போகும் சூடு. இதைவிட நல்ல வெயில் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டு பற்றரியோடு பூட்டிய நிலையில் பார்த்தேன். பன்னிரண்டைத் தாண்ட முக்கியது. வயரில் ஒன்றும் பிழையில்லை. ஈயம் வைத்ததிலும் பிழையில்லை. எரிச்சலில், தூசி கழுவலாம் என்று ஒரு வாளித் தண்ணீரை அள்ளிப் பனல்மேல் ஊற்றினேன்.

மீற்றர் ஏறியது. என் கண்முன்னால், ஒரு புள்ளி இரு புள்ளியாக, ஏறியது. தண்ணீர் காய்ந்து கண்ணாடி சுட ஆரம்பித்ததும் இறங்கியது. மறுபடி ஊற்றினேன், மறுபடி ஏறியது. ஈரத்துவாய் போட்ட அந்த நெடிய மனிதர் சொன்ன முழு வாக்கியமும் அப்போதுதான் எனக்குக் காதில் கேட்டது. அந்த வீட்டுக் கிணற்றுக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நானாவிடம் சொன்னேன். புதுச் செல் வரட்டும், ஒவ்வொன்றாக மாற்றுவோம் என்றார். நல்ல மனிதர், என்னை ஒரு சொல் சொல்லவில்லை. புதுச் செல் வர மூன்று கிழமை எடுத்தது. வாகரைக்குப் போக ஆமியிடம் பாஸ் எடுக்க மேலும் சில நாட்கள்.

அந்த நாட்களில் நான் செய்யக்கூடியது ஒன்று இருந்தது. வாகரை அம்மாவின் நம்பர் என்னிடம் இருந்தது. அம்மா, பனலை நம்பாதீங்க, போனைக் கடையில் சார்ஜ் பண்ணுங்க என்று ஒரு வார்த்தை. எத்தனையோ தடவை நம்பரைத் திரையில் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். ஏன் என்று கேட்பார். நான் பிழையாகச் செய்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். புதுப் பனலோடு நேரே போய்விட்டால் சொல்லவே தேவையில்லாமல் போய்விடும் என்று தோன்றியது. முகாமில் மூன்றாவது கேள்வியை விழுங்கியவள்தானே நான். இதையும் விழுங்கினேன்.

ஆனி மாதம் புதுப் பனலோடு போனபோது அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். எழும்பவில்லை.

“வந்தியா மகள். அவள் கோல் எடுத்தவள்,” என்றார்.

அது முந்தின மாதம், கண்ணகி அம்மன் கோயிலில் குளிர்த்திச் சடங்கு நடந்த கிழமை. அம்மனின் வெக்கை தணிய வைகாசியில் நாங்கள் செய்யும் சடங்கு அது. பொங்கலுக்கு நெல் குற்ற அயல் பெண்கள் இவர் முற்றத்துக்கு வந்திருக்கிறார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் லைட் உள்ள வீடு இதுதான். மூன்று நாள் பின்னேரம் லைட்டைப் போட்டுவிட்டிருக்கிறார். பற்றரி செத்தது. போனும் செத்தது. இரண்டு நாள் பனல் ஏற்றும், ஏற்றும் என்று பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் கடைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றியிருக்கிறார். போனுக்கு உயிர் வந்ததும் ஒரு தகவல் வந்தது. தெரியாத நம்பரிலிருந்து மூன்று அழைப்புகள். கடைக்காரர் வாசித்துச் சொன்னாராம். அந்த நம்பருக்கு எடுத்தால் அகதி முகாமிலிருந்து ஒரு பெண் பேசினாள். உங்கட மகள்தான், என்ட போனைக் கெஞ்சி வாங்கி எடுத்தவள், மூண்டு தரம் எடுத்தவள், நேற்று அவளையும் இன்னும் கொஞ்சப் பேரையும் சண்டைக்குப் போன பிள்ளைகளெண்டு பஸ்ஸில் ஏத்திக்கொண்டு போயிட்டாங்க, எங்கயெண்டு தெரியாது.

“அம்மனுக்கெண்டு லைட்டப் போட்டன் மகள். என்ட புள்ளைக்கு வச்ச கரண்டை நான் அம்மனுக்குக் குடுத்திட்டன்.”

நான் ஏணியை வைத்துக் கூரையில் ஏறினேன். பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டினேன். வியர்வையா கண்ணீரா என்று யாரும் கேட்க முடியாத வெக்கை. ஏன் மாற்றுகிறாய் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போகும்போது இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்து, நீயாவது வந்தியே மகள் என்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என்னை நானே காறித் துப்பிக்கொண்டேன்.

மாசி மாதம்தான் எனக்குச் சொல்லும் தைரியம் வந்தது. தைரியம் என்றும் சொல்ல முடியாது. தாங்க முடியாமல் போனது, அவ்வளவுதான். பட்டறையையும் மூடப்போகிறார்கள் என்று கதை அடிபட்டுக்கொண்டிருந்தது. வாகரைக்குப் போய், அவர் முன்னால் நிலத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னேன். நாலு செல் குறைந்ததைச் சொன்னேன். வெயிலையும் வெக்கையையும் சொன்னேன். தண்ணீர் ஊற்றிப் பார்த்ததைச் சொன்னேன். நல்ல பனல் என்றால் மூன்று நாள் லைட் எரித்தாலும் மறுநாள் பகலில் போன் உயிரோடு இருந்திருக்கும் என்றேன்.

முடிந்தபிறகு அவர் மெல்லக் கேட்டார்.

“அப்ப நான் லைட் போட்டதால இல்லையா?”

“இல்ல அம்மா. உங்கட பிழை ஒண்டும் இல்ல. என்ட பிழை.”

அவருடைய முகம் ஒரு கணம் இளகியது. தோள்கள் இறங்கின. பெரிதாக ஒரு மூச்சு விட்டார். மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். அப்படி நினைக்கும் அளவுக்கு எனக்கு ஆசை இருந்தது.

“அண்டைக்கிலிருந்து இந்த வீட்டுல நான் லைட் போடல்ல,” என்றார். “கோயில் வாசலும் மிதிக்கல்ல. எட்டு மாசம். ஒவ்வொரு நாளும் என்னை நானே திட்டிக்கொண்டு இந்த இருட்டுக்குள்ள கிடந்தன்.”

பிறகு என்னை நேரே பார்த்தார்.

“ஆனியில வந்து மாத்திக்கொண்டு போனியே. அப்பவே உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அவள் எடுக்கிறதுக்கு முதலே தெரியுமா?”

இதற்கு மட்டும் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“தெரியும் அம்மா.”

அவர் எழும்பி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவரை யாரும் போ என்று சொல்வதில்லை. எதிரியானாலும் போயிட்டு வா என்றுதான் சொல்வார்கள். அவர் என்னைப் பார்க்காமல், கடற்கரைப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“நீங்க போங்க.”